போய் வருகிறேன்: பினாங்கும் ஜப்பானிய மொழியும்

மின்னணுச் சில்லு பொருத்திய மலேசியக் கடப்பிதழ் இருந்தால் விசா இல்லாமலே ஜப்பானுக்குச் சென்று 90 நாள் வரை சுற்றிப் பார்க்கலாம். இந்தச் சலுகை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், படிப்பை முடித்த இளைஞர்கள் பலர் நண்பர்களோடு சேர்ந்து ஜப்பானுக்குப் பயணம் போகத் திட்டமிடுகின்றனர். விமானச் சீட்டு, தங்குமிடம், செலவுக்கணக்கு ஆகியவற்றைப் பேசி முடித்தவுடன் ஒரு கேள்வி எழுவது இயல்பு. "நம்மில் யாருக்கு ஜப்பானிய மொழி தெரியும்?"

"கைப்பேசியே மொழிபெயர்த்துச் சொல்லுமே, பிறகு எதற்கு மொழி கற்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். வழி கேட்பதற்கும் விலை கேட்பதற்கும் கைப்பேசி போதும். ஆனால், ஒரு மொழியைக் கற்பது அவ்வளவோடு முடிந்துவிடுவதில்லை. பினாங்கு மக்களுக்கு ஜப்பானிய மொழியோடு நீண்ட உறவு உண்டு. அதில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு. அந்த வரலாற்றை அறிந்தவர் இம்மொழியின் முதல் சொல்லைக் கற்கும்போதே அதன் எடையை உணர்வார்.

திணிக்கப்பட்ட மொழி

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஜோர்ஜ்டவுனில் ஜப்பானியர் வாழ்ந்தனர். சிந்த்ரா தெருவைச் சீனர்கள் 'ஜப்பானியர் தெரு' என்று அழைத்தனர். அப்போது ஜப்பானிய மொழி, நகரில் கேட்கும் பல மொழிகளுள் ஒன்றாக மட்டுமே இருந்தது.

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுன் மீது குண்டு வீசின. சில நாள்களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் அழைத்துக்கொண்டு தீவை விட்டு வெளியேறினர். உள்ளூர் மக்கள் கைவிடப்பட்டனர். அந்த வேளையில் துணிந்து முன்வந்தவர் ஒரு தமிழர். இலங்கையிலிருந்து வந்து 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராகப் பணியாற்றிய மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். பிரிட்டிஷார் தீவை விட்டுப் போய்விட்டனர் என்ற செய்தி வானொலி வழியாக ஜப்பானியருக்கு அறிவிக்கப்பட்டது. மேலும் குண்டு விழாமல் நகரைக் காப்பதே அதன் நோக்கம். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்தது.

அதன்பின் மூன்றரை ஆண்டுக்கும் மேலாக ஜப்பானியர் ஆட்சி நீடித்தது. கடிகாரம்கூட தோக்கியோ நேரத்திற்கு மாற்றி வைக்கப்பட்டது. வாழைமரப் படம் அச்சிட்ட பணத்தாள்கள் புழக்கத்திற்கு வந்தன. பள்ளிகளில் 'நிப்பொங்கோ' எனப்படும் ஜப்பானிய மொழி கற்பிக்கப்பட்டது. மாணவர்கள் ஜப்பானியப் பாடல்களைப் பாட வேண்டியிருந்தது. விரும்பிக் கேட்டவர் யாருமில்லை. இருந்தும் கற்றே ஆக வேண்டிய மொழியாக அது இருந்தது.

அதே காலத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலரா, மலேரியா, பசி, ஓய்வற்ற வேலை ஆகியவற்றால் அங்கு மாண்டவர்கள் மிகப் பலர். 'மரண இரயில்வே' என்ற பெயர் இன்றும் நம் மூத்தோர் நினைவில் இருக்கிறது. தாத்தாவையோ அவர் உடன்பிறப்பையோ அங்கு இழந்த குடும்பத்தில் ஒரு பேரப்பிள்ளை ஜப்பானிய மொழி கற்கிறான் என்றால், வீட்டில் ஒரு நிமிடம் அமைதி நிலவுவது வியப்பன்று.

மூன்று நண்பர்கள்

அந்த அமைதிக்கு எவ்வாறு விடை சொல்வது? பினாங்கில் பிறந்த ஒருவரின் வாழ்க்கை இதற்கு வழிகாட்டுகிறது. அவர் பெயர் அப்துல் ரசாக் அப்துல் ஹமீது. 1925ஆம் ஆண்டு பிறந்த அவர், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்.

போர்க்காலத்தில் ஜப்பானிய அரசு, தான் கைப்பற்றிய தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ இருநூறு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஜப்பானுக்கு அனுப்பியது. அவர்கள் 'தென்னாட்டுச் சிறப்பு மாணவர்கள்' எனப்பட்டனர். ரசாக்கும் அவர்களுள் ஒருவர். முதலில் மொழியைக் கற்று, பின்னர் உயர்கல்வியைத் தொடர்வது அவர்களுக்கு வகுக்கப்பட்ட பாதை. ரசாக் ஹிரோஷிமாவில் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசோப், ஜொகூரைச் சேர்ந்த சையட் ஒமார் ஆகிய இருவரும் அங்கே அவரோடு பயின்றனர். தாய்நாட்டை விட்டுத் தொலைவில் இருந்த மூவருக்கும் ஒருவருக்கொருவர் துணை.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா மீது அணுகுண்டு போடப்பட்டது. அப்போது ரசாக் வகுப்பறையில் இருந்தார். குண்டு வெடித்த இடத்திலிருந்து பல்கலைக்கழகம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கட்டடம் இடிந்து விழுந்தது. அவர் உயிர் பிழைத்தார். தென்கிழக்காசிய மாணவர்கள் பல்கலைக்கழக வளாகத்திலேயே சில நாள் தங்கி, காயமுற்ற ஜப்பானியர்களுக்கு உதவினர். தங்கள் நாட்டைக் கைப்பற்றிய அரசின் குடிமக்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடவில்லை. தண்ணீர் கேட்பவரின் குரல் அவர்களுக்குப் புரிந்தது. ஏனெனில், அந்த மொழி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிக் யூசோப்பும் சையட் ஒமாரும் அந்தக் குண்டின் பாதிப்பால் இறந்தனர். நிக் யூசோப்பின் கல்லறை ஹிரோஷிமாவில் உள்ளது. தோக்கியோவுக்குச் செல்லும் வழியில் உயிர் நீத்த சையட் ஒமாரின் கல்லறை கியோத்தோவில் உள்ளது. 1945ஆம் ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர்.

நாடு திரும்பிய ரசாக் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பின்னாளில் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் மலேசிய மாணவர்களுக்கு ஜப்பானிய மொழியையே கற்பித்தார். நண்பர் இருவரைப் பறிகொடுத்த மண்ணின் மொழி அது. வெறுத்து மறந்திருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ அம்மொழியை இரு நாட்டு மக்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் வழியாக மாற்றினார். அவர் 2013 ஜூலை மாதம் தம் 88ஆம் வயதில் காலமானார். அவருடைய மகன் சுல்கிப்ளி அப்துல் ரசாக், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றியவர்.

விரும்பிக் கற்கும் மொழி

1982ஆம் ஆண்டு அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது 'கிழக்கு நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். அதன் வழி மலேசிய மாணவர்கள் ஜப்பானில் உயர்கல்வி பெறவும் தொழிற்பயிற்சி பெறவும் அனுப்பப்பட்டனர். ஜப்பானிய நிறுவனங்களும் நம் நாட்டில் தொழிற்சாலைகளை அமைத்தன. பினாங்கின் தொழிற்பேட்டைகளிலும் ஜப்பானிய மொழி அறிந்தோர் தேவைப்பட்டனர். இன்று ஜோர்ஜ்டவுனில் ஜப்பானியத் துணைத் தூதரகம் இயங்குகிறது. எஸ்பிளனேட் திடலில் நடைபெறும் 'போன் ஒதொரி' விழாவில் பல இனத்தவரும் கலந்து ஆடுகின்றனர். ஜப்பானிய மொழித் திறன் தேர்வைப் பினாங்கிலேயே எழுதலாம். 'என் 5' என்னும் தொடக்க நிலை முதல் 'என் 1' என்னும் உயர்நிலை வரை அதில் ஐந்து நிலைகள் உள்ளன.

ஒரு காலத்தில் கட்டாயத்தால் வந்த மொழி, இப்போது விருப்பத்தால் கற்கப்படுகிறது. மொழியின் எழுத்தும் சொல்லும் மாறவில்லை. அதைக் கற்பவரின் நிலை மாறியிருக்கிறது.

தமிழ் தரும் கைவிளக்கு

ஜப்பானிய மொழி கடினம் என்று பலர் அஞ்சுவர். தமிழ் அறிந்தவர் அவ்வளவு அஞ்சத் தேவையில்லை. தமிழ் இலக்கண வகுப்பில் கற்றவை இங்குப் பெரிதும் கைகொடுக்கின்றன.

முதலாவது, சொல் வரிசை. தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். 'பினாங்கு கர கிமஷித' என்றால் 'பினாங்கிலிருந்து வந்தேன்' என்பது பொருள். 'கர' என்பது 'இலிருந்து' என்னும் உருபைப் போலப் பெயருக்குப் பின்னே நிற்கிறது. 'கினோ மித ஏக' என்றால் 'நேற்றுப் பார்த்த படம்'. பெயரெச்சம் பெயருக்கு முன் வருவதையும் இங்குக் காணலாம். சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பொருள் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, சுட்டும் வினாவும். அ, இ, உ என்பன சுட்டெழுத்துகள். எ என்பது வினா எழுத்து. இது, உது, அது, எது என்னும் நான்கில் 'உது' மலேசியத் தமிழர் பேச்சில் வழக்கிழந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் வாழ்கிறது. ஜப்பானிய மொழியிலும் இதே நான்கு உண்டு. பேசுபவருக்கு அருகில் இருப்பது 'கொரெ'. கேட்பவருக்கு அருகில் இருப்பது 'சொரெ'. இருவருக்கும் தொலைவில் இருப்பது 'அரெ'. எது என்று கேட்பது 'தொரெ'. ஆங்கிலத்தில் இந்த நான்கு வரிசை இல்லை.

மூன்றாவது, துணைவினை. 'சாப்பிட்டுப் பார்' என்று தமிழில் சொல்கிறோம். சாப்பிடுவதில் 'பார்ப்பதற்கு' என்ன இருக்கிறது என்று வேற்று மொழியினர் வியப்பர். ஜப்பானியர் வியக்க மாட்டார்கள். அவர்களும் 'தபெதெ மிரு' என்பார்கள். 'தபெதெ' என்றால் 'சாப்பிட்டு'. 'மிரு' என்றால் 'பார்'.

நான்காவது, உறவுப்பெயர். ஆங்கிலத்தில் உடன்பிறந்தோரைக் குறிக்க ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல்தான். தமிழில் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என நான்கு. ஜப்பானிய மொழியிலும் அனி, ஒதோதொ, அனெ, இமோதொ என நான்கு சொற்கள் உள்ளன. வயதில் மூத்தவரையும் இளையவரையும் வேறுபடுத்திப் பேசும் பண்பாடு இரண்டிலும் உண்டு.

ஐந்தாவது, மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை எனத் தமிழில் ஒலியின் அளவைக் கணக்கிடுகிறோம். ஜப்பானியரும் இப்படி அளந்தே பேசுகின்றனர். அவர்கள் கணக்கில் ஒற்றுக்கும் முழு ஓர் அளவு உண்டு. 'ஒபசன்' என்றால் அத்தை அல்லது சித்தி; 'ஒபாசன்' என்றால் பாட்டி. குறிலை நெடிலாக்கினால் அத்தை பாட்டியாகிவிடுவார்! 'கிதெ' என்றால் 'வந்து'. 'கித்தெ' என்றால் 'தபால்தலை'. ல, ழ, ள வேறுபாட்டைக் கவனித்துப் பழகிய காதுக்கு இந்த வேறுபாட்டைப் பிடிப்பது எளிது.

வேறுபாடுகளும் உண்டு. 'கிமஷித' என்னும் ஒரே சொல் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தார்கள் என எல்லாவற்றையும் குறிக்கும். தமிழ் வினைமுற்று காட்டும் திணை, பால், எண், இடம் அங்கே இல்லை. இடம் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். எழுத்து முறையும் வேறு. ஹிரகானா, கத்தகானா என்னும் அசையெழுத்து வரிசைகளில் இக்காலத்தில் வழங்கும் அடிப்படை எழுத்துகள் தலா 46. அவற்றோடு சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளும் உண்டு. அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்துள்ள காஞ்சி எழுத்துகள் மட்டும் 2,136. தமிழ் எழுத்தில் ஜப்பானியச் சொற்களை எழுதினால் வல்லின ஒலிகளின் நுட்பம் தெரியாது. எனவே, ஹிரகானாவை முதல் சில வாரங்களிலேயே கற்றுவிடுவது நல்லது.

ஒப்புமையும் உறவும்

இவ்வளவு ஒப்புமை இருப்பதால் இரு மொழிகளும் உறவுடையனவா? ஜப்பானிய மொழியியல் அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) அப்படித்தான் கருதினார். அவர் பல ஆண்டுகள் தமிழை ஆராய்ந்து, இரு மொழிச் சொற்களையும் ஒப்பிட்டார். யாழ்ப்பாணத்து அறிஞர்களான சண்முகதாஸ், மனோன்மணி இணையர் அவருக்கு ஆய்வில் துணை நின்றனர். எனினும், மொழியியல் அறிஞர்களுள் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. வினை இறுதியில் வரும் இயல்பு கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும்கூட உண்டு. அமைப்பு ஒத்திருப்பதால் மட்டுமே இரண்டு மொழிகள் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை ஆகிவிடா. ஆதலால், 'ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது' என்று கூறுவதைத் தவிர்க்க வேண்டும். 'தமிழ் அறிந்தவருக்கு அதைக் கற்பது எளிதாகிறது' என்று பெருமையோடு கூறலாம், அது உண்மை.

நண்பர்கள் பிரித்துக்கொள்ளும் பணி

ஒரு மொழியைச் சில மாதங்களில் முழுமையாகக் கற்க இயலாது. பயணத்துக்குத் தேவையானதைக் கற்க இயலும். நண்பர் நால்வர் சேர்ந்தால் வேலை இன்னும் எளிதாகும். ஒருவர் கத்தகானாவைப் பொறுப்பேற்கலாம். பிறமொழிச் சொற்கள் அவ்வெழுத்தில் எழுதப்படுவதால் விடுதி, உணவகம், கழிப்பறை ஆகியவற்றின் பெயர்ப்பலகைகளைப் படிக்க அது உதவும். மற்றொருவர் எண்களையும் விலையையும் கற்கலாம். மூன்றாமவர் வழி கேட்கப் பழகலாம். 'எகி வ தொகொ தெஸ் க?' என்றால் 'நிலையம் எங்கே?' என்பது பொருள். இறுதியில் நிற்கும் 'க', 'வந்தாயா?' என்பதில் உள்ள 'ஆ' போன்ற வினா அடையாளம். நான்காமவர் உணவுச் சொற்களைக் கவனித்துக்கொள்ளலாம்.

பினாங்கு நண்பர்களுக்கு இந்த நான்காவது பணி மிக முக்கியம். ஒரே மேசையில் அமரும் நால்வரில் ஒருவர் மாட்டிறைச்சி உண்ணாதவராக இருக்கலாம். ஒருவர் பன்றி இறைச்சி உண்ணாதவராக இருக்கலாம். ஒருவர் சைவமாகவும் இருக்கலாம். 'க்யூ நிகு' மாட்டிறைச்சி, 'புத நிகு' பன்றி இறைச்சி, 'சகன' மீன். 'தபெமசென்' என்றால் 'சாப்பிடுவதில்லை'. 'நிகு வ தபெமசென்' என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்பது கடைக்காரருக்கு விளங்கும். ஆனால், சைவ உணவினர் அதோடு நிற்கக் கூடாது. ஜப்பானியச் சூப்புகள் பலவற்றுக்கு மீன் சேர்த்துக் காய்ச்சிய 'தஷி' என்னும் சாறே அடிப்படை. கண்ணுக்கு மீன் தெரியாது. சுவையில் மீன் இருக்கும். நண்பரின் நோன்பையும் நெறியையும் காப்பதற்காகச் சில சொற்களைக் கற்பது நட்பின் கடமைகளுள் ஒன்று.

நம் பன்மொழிச் சூழலும் இதற்கு வலுச் சேர்க்கிறது. சீனப் பள்ளியில் பயின்ற நண்பருக்குக் காஞ்சி எழுத்துகள் பலவற்றின் பொருள் முன்பே தெரியும். ஆனால், அவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'கை', 'தாள்' என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்தால் சீனத்தில் கழிப்பறைத் தாள். ஜப்பானிய மொழியில் கடிதம்! மலாய் மொழியைச் சரளமாகப் பேசுபவருக்கு ஜப்பானிய உயிரொலிகள் எளிதில் வாய்க்கும். இலக்கண அமைப்பை விளக்கத் தமிழ் மாணவர் இருக்கிறார். ஒருவர் அறிவு மற்றவருக்குத் துணையாகும்போது குழுவாகக் கற்பது மகிழ்ச்சி தருகிறது.

காலத்தையும் கணித்துத் திட்டமிட வேண்டும். ஜப்பானின் கோடைக்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நாட்டின் பெரும்பகுதியில் ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழை பெய்யும். ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் 'ஒபோன்' விழாவுக்காக மக்கள் சொந்த ஊருக்குத் திரும்புவதால் இரயில்களில் கூட்டம் நிரம்பி வழியும். ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6ஆம் நாள் நினைவு நிகழ்ச்சி நடைபெறும். அன்று மாலை மக்கள் காகித விளக்குகளை ஆற்றில் மிதக்க விடுவர். அணுகுண்டில் சிதைந்து நிற்கும் குவிமாடக் கட்டடம் 1996ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது; 2008ஆம் ஆண்டு மலாக்காவோடு ஜோர்ஜ்டவுனும் அப்பட்டியலில் இடம்பெற்றது. குண்டு விழுந்த இரு நகரங்கள் இன்று உலகத்தார் சென்று காணும் இடங்களாக உள்ளன. பினாங்கிலிருந்து செல்லும் இளைஞர்கள் ஹிரோஷிமா ஆற்றங்கரையில் நிற்கும்போது, தம் ஊரில் பிறந்த ஒரு மாணவரும் அந்நகரில் வாழ்ந்தார் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அங்குள்ள முதியவர் ஒருவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால், 'பினாங்கு கர கிமஷித' என்று அவர் மொழியிலேயே பதில் சொல்லலாம்.

புறப்படும் முன் கற்க வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது தமிழர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றே சொல்வர். ஜப்பானியர் சொல்வது 'இத்தெ கிமஸ்'. 'இத்தெ' என்றால் 'போய்'. 'கிமஸ்' என்றால் 'வருகிறேன்'. வீட்டில் இருப்பவர் 'இத்தெரஷ்ஷை' என்று விடை கொடுப்பார். 'போய் வாருங்கள்' என்பது அதன் கருத்து. ஒரு காலத்தில் இரயில் பாதை போடச் சென்றவர்களுள் பலர் திரும்பி வரவில்லை. இன்றைய பிள்ளைகள் கடப்பிதழோடும் நண்பர்களோடும் விரும்பிப் புறப்படுகின்றனர். வாசலில் நிற்கும் பாட்டியிடம் அவர்கள் இரண்டு மொழிகளிலும் அதையே சொல்லிவிட்டுப் போகலாம்.